கல் வாரும் கதவு

நான் வேலை பார்த்த கந்தோரில் இப்போது கதவுகள் இல்லை. போன மாதம் ஓய்வு பெற்றவர்களை எல்லாம் கூப்பிட்டுப் புதிய தளத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரே மண்டபம். யாரும் எந்தக் கதிரையிலும் இருக்கலாமாம். சுவரே இல்லாத இடத்தில் கதவு எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. நான் இந்த வேலையைப் படித்ததே கதவுகளில்தான்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்றியல் நகர மத்தியில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம். அதில் எரிபொருள் பிரிவு. உலகத்தில் எங்கேயாவது ஓர் அனல் மின்நிலையம் உள்நாட்டு நிலக்கரியை எரிப்பதா, கப்பலில் வருவதை எரிப்பதா என்று யோசித்தால், அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி எங்களிடம் வரும். எது கட்டுபடியாகும் என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு கரிக்கு விலை சொல்கிறேன் என்று என் கணவர் இன்றுவரை சிரிக்கிறார். "ஐஸ் பெட்டிக்குள்ளை இருந்து அடுப்புக்குப் புத்தி சொல்லுறாய்," என்பார். சம்பளம் வந்த நாட்களில் மட்டும் சிரித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தேன். அகதியாக வந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு, கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கும் வேலை, பின்னேரங்களில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்ததையே பிரெஞ்சில் திரும்பப் படிப்பு. அந்த வருடங்களைப் பற்றி எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். குளிர், கண்ணீர், ஓவர்டைம். நான் அதை விட்டுவிட்டு நேரே மதாம் தெரேஸிடம் வருகிறேன்.

மதாம் தெரேஸ் எங்கள் பிரிவின் தலைவி. மெலிந்த உருவம். குரல் அதைவிட மெலிவு. கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். நாங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்குவோம். குளிர்காலத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு கந்தோர் முழுக்க நடப்பார், அதனால் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. அறிக்கையில் "மலிவு" என்ற சொல்லைக் கண்டால் பென்சிலால் வெட்டிவிட்டு, ஓரத்தில் "எங்கே?" என்று எழுதுவார். சுரங்க வாசலில் மலிவா, துறைமுகத்தில் மலிவா, கொதிகலன் வாயில் மலிவா என்பது அந்தக் கேள்வி.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் டன் விலையைத்தான் ஒப்பிடுவார்கள். மதாம் அந்தத் தாளை வாசிக்கமாட்டார். எழும்பி, "வாருங்கள், நடப்போம்," என்பார்.

ஒரு டன் கரியைப் பின்தொடரும் எங்கள் நடை லிஃப்ட் வாசலில் தொடங்கி, ஆறு தெரியும் யன்னலில் முடியும். லிஃப்ட்டுக்குப் பக்கத்திலுள்ள போட்டோகொப்பி அறைதான் சுரங்கம். அடுத்த கதவு கழிவறை. அங்கே கரியைக் கழுவுவோம். ஒவ்வொரு புது ஆளும் இதற்குச் சிரிப்பார், மதாம் சிரிக்கமாட்டார். கணக்காளர் அறை ரயில். சட்டப் பிரிவு துறைமுகம், ஏனென்றால் இரண்டுக்குள்ளும் போன எதுவும் நேரத்துக்கு வெளியே வராது. சமையலறை, கரியைக் குவித்துவைக்கும் முற்றம். அதற்கு அடுத்த கூட்ட அறைதான் கரியை மாவாக அரைக்கும் மில். யன்னல் கொதிகலன். ஒவ்வொரு கதவிலும் நின்று அதே கேள்விகளைக் கேட்பார். "அந்த ஒரு டன் இப்போது எங்கே நிற்கிறது? இதுவரை எவ்வளவு காசு தின்றது? எவ்வளவு இழந்தது? இங்கே யார் நிற்கிறார்கள்?"

கடைசிக் கேள்வி எதற்கென்று எங்களில் யாருக்கும் விளங்கியதில்லை. "ஒரு தொழிலாளி" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவோம்.

இந்திய உள்நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். சுரங்க வாசலில் விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து தெற்குக் கடற்கரைவரை ரயிலில் வரும்போது சாம்பலுக்கும் கல்லுக்கும் சேர்த்தே கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கப்பல் கரியில் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம். விற்கிறவர் ஆய்வுகூடத்தில் காயவைத்து எரித்து அளந்த சூட்டைச் சொல்வார். வாங்கியவர் எரிப்பதோ நனைந்து வந்ததை. டொலர் ஏறினால் அதன் விலையும் ஏறும். ஆகவே டன் விலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொதிகலன் வாய்க்கு வந்து சேர்ந்த பிறகு ஓர் அலகு சூட்டுக்கு எவ்வளவு காசு என்பதுதான் விலை. இதை நான் நூறு முறை நடந்து படித்தேன்.

இனி, என்னைப் பிடித்து உலுக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

தென்னிந்தியக் கடற்கரையில் ஒரு தனியார் மின்நிலையம். உள்நாட்டுக் கரிக்கென்று கட்டிய கொதிகலன். ரயில் தாமதத்தால் கரி தட்டுப்பாடாகி அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கப்பல் கரியின் விலை நன்றாக இறங்கியிருந்தது. முழுக்கக் கப்பல் கரிக்கு மாறி, நீண்ட கால ஒப்பந்தம் போட நிர்வாகம் விரும்பியது. நாங்களும் கதவு கதவாகப் பார்த்தோம். யன்னலுக்கு வந்தபோதும் கப்பல் கரிதான் முன்னால் நின்றது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருந்தது. வங்கி ஒரு நிபந்தனை போட்டது. கப்பல் கரியை மட்டும் போட்டு, இடையில் நிற்காமல், பேசிய காலம் முழுக்க மின்நிலையத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அந்தச் சோதனையைப் பார்க்க நிர்வாக இயக்குநர் ரங்கநாதன் சென்னையிலிருந்து மொன்றியலுக்கே வந்துவிட்டார். தை மாதக் குளிர். நல்ல மனிதர். எனக்கென்று இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். "சிலோன் தமிழா மேடம்? கேக்கவே இனிமையா இருக்கு," என்றார். வருடக்கணக்காக இதைக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தாலும், மைசூர்பாகு அருமை.

கூட்ட அறையில் நாங்கள் நாலு பேர்: மதாம், ரங்கநாதன், வங்கியின் ஆள் ஒருவர், நான். இங்கே காலை, அங்கே அந்தி. மின்நிலையத்தின் அளவுகள் எல்லாம் சுவரில் இருந்த திரையில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. மேசை நடுவில் ஒலிபெருக்கித் தொலைபேசி, மறுமுனையில் கட்டுப்பாட்டு அறையின் பொறியாளர் பிரபு. எங்களுக்கு ஒரு கட்டளை இருந்தது. நாங்கள் பார்வையாளர்கள். என்ன நடந்தாலும் இதைச் செய், அதைச் செய் என்று வாய் திறக்கக்கூடாது. திறந்தால் சோதனை செல்லாது. ஏதாவது உடைந்தால் பழியும் நட்டமும் எங்கள் நிறுவனத்தின் தலையில். சட்டப் பிரிவு இதில் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தது.

பாதிக் காலம் நன்றாகப் போனது. வங்கிக்காரர் இரண்டாவது கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கோடு விழுந்தது.

"சார், சி மில் டிரிப் ஆகி நின்னுடுச்சு," என்றது பிரபுவின் குரல். "அடியில ஏதோ சிக்கிருச்சு. முருகேசன கல்லு வார அனுப்பிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம்."

"சீக்கிரம் எடுங்க. லோடு இறங்கக் கூடாது," என்றார் ரங்கநாதன். வங்கிக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில், வழக்கமானதுதான் என்றார்.

அது உண்மையிலேயே அவர்களுக்கு வழக்கம். உள்நாட்டுக் கரியோடு கல்லும் வரும். கல் மில்லின் அடியில் சேரும். மில் நின்றால் ஒருவர் போய்ப் பக்கக் கதவைத் திறந்து, கல்லை வாரி வெளியே போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டுவார். அந்தக் கரி சுலபத்தில் தீப்பிடிக்காது; சூட்டோடு உள்ளே கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கப்பல் கரி அப்படியல்ல. நின்றுபோன மில்லுக்குள் சூட்டோடு கிடந்தால் தானாகவே கனலத் தொடங்கும். கதவைத் திறந்து காற்றுப் போனால் மாவுக்கரி முழுக்க ஒரே மூச்சில் பற்றும். கல்லே இல்லாத கரிக்குக் கல் வார ஆள் போயிருந்தார். கரியைத்தான் மாற்றினார்கள், கையின் பழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். நின்ற மில்லின் சூடு இறங்க வேண்டும். அது ஏறிக்கொண்டிருந்தது.

வாய் திறக்கக்கூடாது என்பது தெரியும். என் வேலை, மதாமின் வேலை, அந்த மின்நிலையத்தின் கடன் எல்லாம் என் நாக்கில் தொங்கின. மதாம் என் முகத்தைப் பார்த்தார். மெல்லிய குரலில், நடையில் கேட்பதுபோலவே கேட்டார்.

"அந்த டன் எங்கே நிற்கிறது?"

"மில்லில்."

"அங்கே யார் நிற்கிறார்கள்?"

"ஒரு ஆள். கதவைத் திறக்கப் போயிருக்கிறார். உள்ளே நெருப்பு இருக்கிறது."

அவர் ஒரு முறை திரையைப் பார்த்தார். பிறகு ரங்கநாதனுக்கு முன்னால் இருந்த தொலைபேசியை ஒற்றை விரலால் தள்ளி என் முன்னால் விட்டார்.

"தம்பி, நான் மொன்றியலிலையிருந்து கதைக்கிறன். அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். ஆளை உடனை இங்காலை கூப்பிடுங்கோ," என்றேன்.

"யாரு மேடம்?" என்றார் பிரபு. "டைரக்டர் சார் இருக்காரா?"

என் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லையோ என்று பயம் வந்துவிட்டது. தொலைக்காட்சி நாடகம் பார்த்ததற்கு அன்றுதான் பயன் கிடைத்தது. "கதவத் தொறக்காதீங்க. உள்ள நெருப்பு. முருகேசன வெளிய கூப்பிடுங்க. சூடான காத்த முழுசா அடைச்சிட்டு நீராவிய விடுங்க."

"சார்?" என்றார் பிரபு.

ரங்கநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் என்னென்ன தொகைகள் ஓடின என்பது முகத்தில் தெரிந்தது. "சொல்லுங்கோ," என்றேன் அவரிடம். வங்கிக்காரர் என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"சார்?" என்றார் பிரபு மறுபடி. அதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை. கையிலிருந்த ரேடியோவில், "முருகேசா, கதவத் தொடாத. வெளிய வா," என்று கத்தினார். பதில் இல்லை. மில்களுக்கு நடுவில் ரேடியோ எங்கே கேட்கும். "டேய், யாராவது ஓடுங்கடா," என்றார். ஒரு நாற்காலி விழும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

அந்த இரைச்சலை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சமையலறையில் யாரோ சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள், வெங்காய வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். நல்லூரானை இரண்டு முறை.

"வந்துட்டாரு மேடம்," என்றது பிரபுவின் குரல். மூச்சு வாங்கியது. "போல்ட்டெல்லாம் கழட்டிட்டாரு. ஒண்ணுதான் பாக்கி."

அவர் சொல்லி முடிக்கவில்லை, தொலைபேசியில் கதவு அறைந்ததுபோல ஒரு சத்தம். தளர்ந்திருந்த கதவின் இடுக்கு வழியாக நெருப்பு வெளியே வந்தது. முருகேசன் உட்கார்ந்து கல் வாரும் பலகை கருகிப்போனது. அவர் அதற்குச் சற்று முன்புவரை அதில்தான் இருந்தார். நீராவிக் குழாய் இருந்தது, ஆனால் வருடக்கணக்காகத் திறக்காமல் வால்வு இறுகிக் கிடந்தது. அடித்துத் திறந்து தீயை அடக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

நான் அழுதேன். நாலு பேர் முன்னால், கந்தோரில், மூக்கைச் சிந்திக்கொண்டு. மதாம் ஒரு காகிதக் கைக்குட்டையைத் தந்துவிட்டு, "அந்த ஆளின் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். "மூருகேஸான்," என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் சட்டப் பிரிவு எங்களைக் கூப்பிட்டது. கட்டளையை மீறியது யார் என்று கேட்டார்கள். நான் வாயெடுக்கும் முன் மதாம், "தொலைபேசியைத் தள்ளியது நான். அதற்குப் பிறகு ஒரு மனிதர் பேசத்தான் செய்வார்," என்றார். குரல் அவ்வளவு இறங்கியிருந்தது. சட்டத்தரணிகள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவேயில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை, எனக்குத்தான் இன்னும் ஆத்திரம்.

ரங்கநாதன் என்னைச் சமையலறையில் பிடித்தார். இனிப்புப் பெட்டி பாதி காலியாக மேசையில் கிடந்தது.

"நீங்க செஞ்சது சரி மேடம். நான் மறுக்கல," என்றார். "ஆனா அறிக்கையில அது வேணாமே. மில் நின்னுச்சு, அவ்வளவுதான். பேங்க் பணம் வரலேன்னா பிளான்ட்டே நின்னுடும். அந்த முருகேசனுக்கும் சேர்த்துத்தான் வேலை போகும்."

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது பொய்யில்லை. ஒரு ஊரே அந்தப் புகைபோக்கியை நம்பியிருந்தது. அன்று புரோசார்ட்டிலுள்ள வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது ஆற்றின் பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். எழுதினால் வேலை போகும், எழுதாவிட்டால் ஆள் போவார். வீட்டில் கணவர், "ஏனப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

காலையில் மதாமிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அவரைக் கூப்பிடுங்கள். நடப்போம்."

ரங்கநாதனும் நடந்தார். கோட்டும் சூட்டும் போட்ட மனிதர், கழிவறை வாசலில் நின்று கரி கழுவும் செலவைச் சொன்னார். ரயில், துறைமுகம், முற்றம் எல்லாம் சரியாகச் சொன்னார், தொழில் தெரிந்தவர். கூட்ட அறைக் கதவுக்கு வந்தோம்.

"இங்கே யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டார் மதாம்.

"ஆபரேட்டர்," என்றவர், சற்றுப் பொறுத்து, "முருகேசன்," என்றார்.

"இவர் உயிரோடு நிற்பதற்கு இந்தக் கதவில் என்ன செலவு? அதை நீங்கள் போடவில்லை. நாங்களும் போடவில்லை. போட்டுவிட்டு யன்னலுக்குப் போவோம்."

ரங்கநாதன் என்னைப் பார்த்தார். நான் தமிழில், "யானையை வாங்கப் போறியள், அங்குசத்துக்கு ஏன் யோசிக்கிறியள்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் நீராவிக் குழாய்களைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

நடந்தது நடந்தபடி அறிக்கையில் போனது. பெயரடை ஒன்றும் இல்லை. மில்லுக்கு நீராவி, சூட்டைக் குறைத்து ஓட்டுவதால் வரும் இழப்பு, ஆட்களுக்குப் புதுப் பழக்கம் பழக்குவது, இவை அந்தக் கதவில் சேர்ந்தன. சேர்த்ததும் இரண்டு கரியும் யன்னலில் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. முழுக்க மாற வேண்டாம், உள்நாட்டுக் கரியோடு கொஞ்சம் கலந்து எரியுங்கள், மில்லைத் திருத்திய பிறகு, என்று எழுதினோம். வங்கி முணுமுணுத்துக்கொண்டு, திருத்துவதற்கும் சேர்த்துக் கடன் கொடுத்தது. சில காலத்தில் கப்பல் கரியின் விலை எகிறியது. நீண்ட ஒப்பந்தம் போட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள். இந்த நிலையம் தப்பியது. அதை எங்கள் கெட்டித்தனம் என்று சிலர் புகழ்ந்தார்கள். அது குருட்டு அதிர்ஷ்டம். எங்கள் கெட்டித்தனம் எல்லாம் ஆளில்லாமல் கருகிய அந்தப் பலகையோடு சரி.

பிரபு பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார். ஒரு முறை படம் ஒன்று வந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த நீராவி வால்வுக்குப் பக்கத்தில் முருகேசன். முகத்தில் சிரிப்பே இல்லை. வேலை நேரத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்த கோபமாக இருக்கும்.

அதற்குப் பிறகு எந்த நாட்டு மின்நிலையத்துக்காக நடந்தாலும், கூட்ட அறைக்கு வந்ததும் மதாம், "இப்போது மூருகேஸானிடம் வந்துவிட்டோம்," என்பார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம். கொஞ்சக் காலத்தில் எங்கள் கரிப் பாதை வரைபடங்களிலும் அந்தப் பெயர் ஏறிவிட்டது. மதாம் ஓய்வு பெற்றார், பிறகு நானும்.

போன மாதம் புதிய தளத்தைச் சுற்றிக் காட்டினார்கள் என்றேனே, அங்கே எத்தியென் என்ற பொறியாளரின் திரைக்கு முன்னால் நின்றேன். இப்போது கரி இல்லை. கரிக்குப் பதில் மரத்தூள் உருண்டை எரிக்கும் நிலையங்களுக்கு விலை பார்க்கிறார்கள். திரையில் எங்கள் பழைய நடை அப்படியே பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மில்லுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் முருகேசன்.

"எல்லாப் பழைய படத்திலும் இது இருக்கிறது," என்றார் அவர். "ஏதோ கருவியின் பெயர் என்று நினைத்தேன். தேவையில்லாததை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். என்ன இது?"

"ஆள்," என்றேன். "கதவுக்கு முன்னால் நிற்கிற ஆள்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னும் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"நல்லது," என்றார். அந்தப் பெட்டியை அழிக்காமல் சுட்டியை நகர்த்தி, அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.